பெட்டியில் மாத்திரை, படிவத்தில் ‘இல்லை’

அமெரிக்காவில் இருக்கும் மகள் வீட்டுக்கு ஆறு மாதம் தங்கப் போகும் அம்மாவின் பெட்டியைக் கட்டும்போது கூட இருந்தவர்களுக்கு இது தெரியும். பருப்புப் பொடி, வடகம், ஆவக்காய், பேரப்பிள்ளைக்கு வெள்ளிக் கொலுசு எல்லாவற்றையும் எடைபோட்டு அடுக்கிய பிறகு, கடைசியாக ஒரு துணிப்பை வரும். அதில் நூற்றெண்பது நாளுக்கான மாத்திரைகள் இருக்கும். சர்க்கரைக்குக் காலையில் ஒன்று, இரவில் ஒன்று, ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, தைராய்டுக்கு வெறும் வயிற்றில் ஒன்று. மருந்துச் சீட்டுக்கு இரண்டு நகல். சுங்கத்தில் கேட்டால் காட்டுவதற்கு டாக்டர் கொடுத்த கடிதம். இவ்வளவு கவனமாகக் கட்டிய பெட்டியோடு போகும் கைப்பையில் பயணக் காப்பீட்டு பாலிசி ஒன்றும் இருக்கும். ‘ஏற்கெனவே உள்ள நோய்கள்’ என்ற கேள்விக்கு அதில் ‘இல்லை’ என்று அச்சாகியிருக்கும்.

வெளிநாடு போகிறவர்களுக்குப் பயணக் காப்பீடு அவசியமா என்று கேட்டால், அவசியம் என்றே சொல்வேன். அறுபதைத் தாண்டி, மாத்திரைப் பையோடு பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு அது விமான டிக்கெட்டைப் போலவே அவசியம். ஆனால், நம் ஊரில் அந்தப் பெயரில் விற்கப்படுவது பல நேரம் விசா விண்ணப்பத்தோடு இணைப்பதற்கான ஒரு காகிதம்தான். உடம்பைப் பற்றிய உண்மையை மறைத்து எடுத்த பாலிசி, வேண்டிய நாளில் கைகொடுக்காது. வாங்குகிறவர்களில் பெரும்பாலானோருக்கு இது தெரிவதில்லை. விற்கிறவர்களில் பலருக்குத் தெரியும். அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

டிராவல் ஏஜென்சி மேசைக்கு எதிரே உட்கார்ந்து இதை நேரில் பார்த்திருக்கிறேன். பாஸ்போர்ட் நகல் ஒன்று போதும்; பெயர், பிறந்த தேதி, புறப்படும் நாள், திரும்பும் நாள், நாமினி எல்லாம் மளமளவென்று ஏறிவிடும். பிறகு திரையில் உடல்நலக் கேள்விகள் வரும். ‘சுகர், பிரஷர் ஏதாவது உண்டா ஐயா?’ என்று கேட்டபடியே அந்த இளைஞரின் விரல் ‘இல்லை’ பக்கம் நகர்ந்துவிட்டது. ‘சுகர் இருக்கே தம்பி, பதினைஞ்சு வருஷமா’ என்றார் எதிரே இருந்த பெரியவர். ‘அதெல்லாம் எல்லாருக்கும் இருக்கறதுதான் ஐயா. போட்டா பிரீமியம் ஏறும், சில நேரம் பாலிசியே வராது. விசாவுக்குத்தானே, இதுவே போதும்.’ பெரியவர் தலையாட்டினார். பிரின்ட் வந்தது. அதை மடங்காமல் பிளாஸ்டிக் கவரில் போட்டு, பையின் உள் ஜிப்பில் பத்திரப்படுத்திக்கொண்டார். அந்த இளைஞர் மோசக்காரர் அல்ல. பெரியவருக்கு ஆயிரம், இரண்டாயிரம் மிச்சப்படுத்திக் கொடுத்ததாகவே அவர் நினைத்திருப்பார்.

‘எல்லாருக்கும் இருக்கறதுதான்’ என்று அவர் சொன்னதில் பாதி உண்மை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில், சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்திய நாடளாவிய ஆய்வு 2023-ல் வெளிவந்தது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது கணித்தது. பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் உயர் ரத்த அழுத்தம் இருப்பதாகவும் சொன்னது. அப்படியென்றால், வெளிநாடு போகும் பெற்றோரின் பாலிசியில் மிக முக்கியமான வரி எது? அறைக்கு நாளொன்றுக்கு எவ்வளவு, பெட்டி தொலைந்தால் எவ்வளவு என்பதெல்லாம் பிறகு. ‘ஏற்கெனவே உள்ள நோய்’ என்ற அந்த ஒரு வரிதான் முதலில்.

நாம் ஏன் இதைக் கவனிக்காமல் விடுகிறோம் என்று யோசித்தால், விசா விதியையே ஆபத்தின் அளவுகோலாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் தென்படுகிறது. தூதரகம் கேட்டால் வாங்குகிறோம். கேட்காவிட்டால் தேவையில்லை என்று முடிவுகட்டிவிடுகிறோம். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் 2004 ஜூன் முதல் பயணக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. குறைந்தபட்சம் 30,000 யூரோ. அவசர சிகிச்சைக்கும், நோயாளியை நாட்டுக்குத் திருப்பி அனுப்பவும், இறந்தால் உடலைக் கொண்டுவரவும் அது ஈடுகொடுக்க வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தத் தொகை மாறவே இல்லை. மருத்துவச் செலவு அன்றைக்கு இருந்த இடத்திலா இருக்கிறது? தங்கள் மருத்துவமனைகளுக்குப் பாக்கி விழக் கூடாது என்று அந்த நாடுகள் போட்ட கோடு அது. நம் உயிருக்கு எவ்வளவு போதும் என்று யாரும் கணக்குப் போட்டுச் சொன்ன தொகையாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

கனடா இன்னும் தெளிவாக நடந்துகொண்டிருக்கிறது. அங்கே குடியேறியவர்களின் பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் நீண்ட நாள் தங்கிப்போக 2011-ல் ‘சூப்பர் விசா’ கொண்டுவந்தார்கள். ஒரு லட்சம் கனடிய டாலருக்குக் குறையாத, ஓராண்டு மருத்துவக் காப்பீடு இல்லாமல் அந்த விசா கிடையாது. யாழ்ப்பாணத்திலிருந்து ஸ்கார்பரோவுக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் அம்மாக்களுக்கு இது பழகிப்போன செய்தி. பிள்ளைகள் முணுமுணுத்துக்கொண்டே பிரீமியம் கட்டுகிறார்கள், ஆனால் கட்டுகிறார்கள்.

அமெரிக்காவின் நிலை விசித்திரமானது. பரிமாற்றத் திட்டத்தில் ‘ஜே-1’ விசாவில் போகிற ஆராய்ச்சியாளர் நல்ல வயதில் இருப்பவர். அவருக்கு ஒவ்வொரு நோய்க்கும் ஒரு லட்சம் டாலர், உடலைத் திருப்பி அனுப்ப 25,000 டாலர், மருத்துவக் காரணத்துக்காக விமானத்தில் கொண்டுவர 50,000 டாலர் என்று சட்டமே வரையறுத்திருக்கிறது. எழுபது வயதில், பத்தாண்டு ‘பி-2’ பார்வையாளர் விசாவில், ஆறு மாதம் தங்க வருகிற தாய் தந்தைக்கு எந்த நிபந்தனையும் இல்லை. ஆபத்து யாருக்கு அதிகமோ அவர்களைத்தான் அந்த நாட்டு விதி கண்டுகொள்ளாமல் விட்டிருக்கிறது. ‘விசா நேர்காணலில் கேட்கவே இல்லையே’ என்று நம் வீடுகளிலும் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் என்ன நடக்கும்? சிகிச்சை கிடைக்காமல் போய்விடாது. அவசரப் பிரிவுக்கு வந்தவரைப் பணம் இருக்கிறதா என்று பார்க்காமல் பரிசோதித்து, அவர் நிலை தேறும்வரை கவனிக்க வேண்டும் என்று 1986-ல் அங்கே சட்டம் கொண்டுவந்தார்கள். ஆனால் அந்தச் சட்டம் ‘முதலில் பார்’ என்கிறதே தவிர, ‘இலவசமாகப் பார்’ என்று சொல்லவில்லை. வீடு திரும்பிய பிறகு மகள் வீட்டு விலாசத்துக்குத் தபாலில் பில் வரத் தொடங்கும். மருத்துவமனைக்கு ஒன்று, அவசரப் பிரிவு டாக்டருக்குத் தனியாக ஒன்று, ஸ்கேனைப் படித்துச் சொன்னவருக்கு ஒன்று, மயக்க மருந்து கொடுத்தவருக்கு ஒன்று, ஆம்புலன்ஸுக்கு ஒன்று. எதில் எது அடக்கம் என்று பிரித்துப் புரிந்துகொள்வதற்கே ஒருவர் உட்கார்ந்தாக வேண்டும். ஸ்டென்ட் வைக்கும் அளவுக்குப் போனால் நம் பணத்தில் பல லட்சம், கோடிக் கணக்கிலும் போகலாம். லாப நோக்கமற்ற மருத்துவமனைகளில் ஏழை நோயாளிகளுக்கு உதவித் திட்டம் இருக்கிறது. பில்லைக் குறைக்கச் சொல்லிப் பேச்சுவார்த்தையும் நடத்தலாம். ஆனால் அதெல்லாம் மாதக்கணக்கில் இழுக்கும். அரசின் மெடிகேர் திட்டமோ பார்வையாளர்களுக்குக் கிடையாது. கிரீன் கார்டு பெற்றுக் குடியேறிய பெற்றோரும், வேலை பார்த்து வரி கட்டிய கணக்கு இல்லையென்றால், ஐந்து ஆண்டு அங்கே தொடர்ந்து வசித்த பிறகுதான் பணம் கட்டி அதில் சேர முடியும்.

பில்லைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. காப்பீடு இல்லாத வீட்டில் பெற்றோர் வலியை மறைக்கிறார்கள். ‘வாயுப் பிடிப்புதான், கொஞ்சம் சுக்குத் தண்ணி குடிச்சாச் சரியாப் போயிடும்’ என்று சொல்லிவிட்டு இரவு முழுவதும் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். மருமகனுக்குச் செலவு வைத்துவிடக் கூடாது என்ற எண்ணம் அவர்களை அவசர உதவி எண்ணான 911-ஐ அழைக்க விடுவதில்லை. மாரடைப்பில் முதல் ஒரு மணி நேரம் எவ்வளவு முக்கியம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ‘எல்லாத்துக்கும் பாலிசி இருக்கும்மா, நீ வாயைத் திறந்து சொன்னாப் போதும்’ என்று மகள் சொல்ல முடிவதுதான் காப்பீட்டின் முதல் பயன். பணம் திரும்பக் கிடைப்பது இரண்டாவது.

இங்கிலாந்தில் எல்லாம் இலவசம் என்ற நம்பிக்கையும் நம்மிடம் இருக்கிறது. அவசரப் பிரிவில் பார்ப்பது இலவசம். உள்ளே சேர்த்துவிட்டால், ஆறு மாதத்துக்குள் தங்கிப்போகும் பார்வையாளருக்கு அந்த நாட்டுத் தேசிய சுகாதாரச் சேவையின் செலவுக் கணக்கில் ஒன்றரை மடங்கு கட்டணம். 500 பவுண்டுக்கு மேல் பாக்கி வைத்தால் அடுத்த விசாவே மறுக்கப்படலாம். சிங்கப்பூரின் அரசு மருத்துவமனைகளில் மானியம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். பார்வையாளர் முழுக் கட்டணம் கட்ட வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையும், ஆயுஷ்மான் அட்டையும், நாம் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் சாதாரண மருத்துவ பாலிசியும் விமானம் ஏறியதும் நம்மைவிட்டு இறங்கிவிடுகின்றன. வெளிநாட்டுச் சிகிச்சையைச் சேர்த்துக்கொள்ளும் பாலிசிகள் மிகச் சிலவே.

சரி, எந்த பாலிசி? எல்லாமே ஒன்றுதான் என்று நினைத்து, திரையில் விலை குறைவாகத் தெரிவதை எடுத்துவிடுவது வழக்கம். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் விற்கும் பார்வையாளர் காப்பீடுகளில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை குறித்துவிடுவார்கள்: ஒரு நாள் படுக்கைக்கு இவ்வளவு, அறுவைக்கு இவ்வளவு, ஸ்கேனுக்கு இவ்வளவு. மேலே ‘ஒரு லட்சம் டாலர்’ என்று பெரிதாக எழுதியிருக்கும். கீழே உள்ள ஒவ்வொரு வரிக்கும் தனி உச்சவரம்பு இருக்கும். மீதி உங்கள் தலையில். இரண்டாவது வகை முழுமையானது. முதலில் நாம் ஏற்க வேண்டிய ஒரு தொகை, அதாவது டிடக்டிபிள், போக, மருத்துவமனைக் கணக்கில் பெரும்பகுதியை பாலிசித் தொகை வரை அவர்களே கட்டுவார்கள். ஒப்பந்த மருத்துவமனைகளின் வலைப்பின்னலும் இருக்கும். நம் ஊர் நிறுவனங்களின் பாலிசிகளிலும், வாங்குபவர் அறுபதைத் தாண்டிவிட்டால் ஐசியூவுக்கு இவ்வளவு, சர்ஜனுக்கு இவ்வளவு என்று உள்வரம்புகள் பலவற்றில் வந்துவிடுகின்றன.

அமெரிக்கா போகும் பெற்றோருக்கு, அறுபது வயதுக்கு மேல் என்றால், இரண்டாவது வகையைப் பிள்ளைகள் அங்கிருந்தே எடுத்துக்கொடுப்பதுதான் சரி என்பது என் கருத்து. பிரீமியம் கூடுதல்தான். மகள் ஊரில் உள்ள பெரிய மருத்துவமனை அந்த வலைப்பின்னலில் இருக்கிறதா என்று பார்த்து எடுக்கிற வசதி சென்னையில் உட்கார்ந்து எடுக்கும்போது வராது. அதிலும் பழைய நோய்க்குப் பெரும்பாலும் முழுக் காப்பு கிடைக்காது; பழைய நோய் திடீரென்று, முன்னறிகுறி இல்லாமல் முற்றினால் மட்டும், குறிப்பிட்ட வயதுவரை, குறிப்பிட்ட தொகைவரை தருவார்கள். அந்த வயது வரம்பு எழுபதா, எண்பதா என்பதை வாங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். வழக்கமான பரிசோதனை, டயாலிசிஸ் போன்றவற்றுக்குப் பெரும்பாலான பாலிசிகள் உதவாது. டாக்டர் ‘இப்போது பயணம் வேண்டாம்’ என்று சொல்லியும் கிளம்பினால், அதன்பிறகு வருவது எதற்கும் ஈடு கிடையாது. அமெரிக்கா தவிர்த்த பெரும்பாலான நாடுகளுக்கு, நம் நிறுவனங்களின் நல்ல பாலிசியே போதும். ஆனால் அதைப் பெரும்பாலும் புறப்படும் முன்பே எடுத்தாக வேண்டும்; போய்ச் சேர்ந்த பிறகு எடுக்க விடமாட்டார்கள்.

‘இவ்வளவு கட்டியும் கிளைம் தர மாட்டார்கள்’ என்று பலர் சொல்கிறார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதற்காகவே ஒரு வழக்கை இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். 2009-ல் உறவினர் வீட்டுத் திருமணத்துக்காக அமெரிக்கா கிளம்பிய ஒருவர், அரசுத் துறைக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வெளிநாட்டு மெடிகிளைம் பாலிசி எடுத்தார். தனக்குச் சர்க்கரை உண்டு என்று படிவத்தில் சொன்னார். மருத்துவப் பரிசோதனைக்கும் போய்வந்தார். எல்லாம் பார்த்த பிறகே பாலிசி கிடைத்தது. சான்பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் அவருக்கு உடம்பு வியர்த்துத் தளர்ந்துவிட்டது. மருத்துவமனையில் ஆஞ்சியோபிளாஸ்டி செய்து ஸ்டென்ட் வைத்தார்கள். கிளைம் கேட்டபோது நிறுவனம் மறுத்துவிட்டது. அவருக்கு ஏற்கெனவே சர்க்கரையும் ரத்தக் கொழுப்பும் இருந்தன, கொழுப்புக்கு மாத்திரை எடுத்ததை அவர் சொல்லவில்லை என்பது அவர்கள் வாதம். தேசிய நுகர்வோர் ஆணையமும் நிறுவனத்தின் பக்கமே நின்றது. அவர் விடவில்லை.

2021 டிசம்பரில் நீதிபதிகள் டி.ஒய்.சந்திரசூட், பி.வி.நாகரத்னா அமர்வு அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. விண்ணப்பதாரர் சொன்ன நோயைத் தெரிந்துகொண்டு, மருத்துவ நிலையை மதிப்பிட்டு பாலிசி கொடுத்த பிறகு, அதே நோயைக் காரணம் காட்டிக் கிளைமை மறுக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். எதிர்பாராமல் வெளிநாட்டில் வரும் நோய்க்கு ஈடு தருவதற்காகத்தானே இந்த பாலிசியை வாங்குகிறார்கள் என்றும் சுட்டிக்காட்டியது. அந்தத் தீர்ப்பில் இன்னொரு பகுதி நமக்கு மிக முக்கியம். படிவத்தில் ஒரு கேள்விக்குப் பதிலே எழுதாமல் விட்டிருந்தால், நிறுவனம் அதை நிரப்பச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் பாலிசி கொடுத்துவிட்டு, பிறகு ‘மறைத்துவிட்டார்’ என்று சொல்ல முடியாது. அதாவது, காலியாக விட்ட கட்டத்துக்குக்கூட நீதிமன்றத்தில் பாதுகாப்பு கிடைக்கிறது. ‘இல்லை’ என்று தட்டிய பொய்க்கு அது கிடைக்காது. முக்கிய உண்மையை மறைத்தால் பாலிசியை மறுக்கலாம் என்று அதே உச்ச நீதிமன்றம் 2009-ல் வேறொரு வழக்கில் சொல்லியிருக்கிறது; அந்தக் கொள்கை இன்றும் நிலைத்திருக்கிறது.

அந்த மனிதர் பன்னிரண்டு ஆண்டுக்குப் பிறகு வென்றதற்கு முக்கிய அடிப்படை, அவர் சர்க்கரையைச் சொல்லியிருந்தார் என்பது. நான் பார்த்த பெரியவருக்கு அந்த அடிப்படை இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த இளைஞரின் ஒரு சொடுக்கு அதைப் பறித்துவிட்டது. விண்ணப்பதாரரை முக்கிய தகவலை விட்டுவிடும்படி முகவர் தூண்டக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் நடத்தை விதியிலேயே இருக்கிறது. இந்த விதி மேசை வரைக்கும் வந்து சேரவே இல்லை. உடல்நலக் கேள்விகளுக்கான பதிலைப் பயணியின் கைபேசிக்கே தமிழில் அனுப்பி, ‘இதை நீங்கள்தான் சொன்னீர்களா?’ என்று கேட்டு ஓடிபி வாங்கிய பிறகே பாலிசி அச்சாக வேண்டும் என்று ஆணையம் ஏன் கட்டாயமாக்கக் கூடாது? நிறுவனங்களிடம் அதற்கான தொழில்நுட்பம் இருக்கிறது. பணம் வாங்கும்போது அதே ஓடிபியைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. மருத்துவ பாலிசியின் முக்கிய அம்சங்களைச் சுருக்கமாகச் சொல்லும் தகவல் தாளைக் கொடுக்க வேண்டும், வாடிக்கையாளர் விரும்பினால் அவர் மொழியில் கொடுக்க வேண்டும் என்பது 2024 ஜனவரி முதல் நடைமுறை. காப்பீட்டுச் சட்டம் பயணக் காப்பையும் மருத்துவக் காப்பீட்டு வணிகத்துக்குள்தான் வைத்திருக்கிறது. ஆகவே தமிழில் கேளுங்கள். தமிழில் படித்தால், எது கிடைக்காது என்ற பட்டியல் முதல் தடவையாக அப்பாவின் கண்ணில் படும்.

இளைஞர்களைப் பற்றிச் சுருக்கமாக. தாய்லாந்தும் மலேசியாவும் 2023 இறுதியில் இந்தியர்களுக்கு விசா தேவையில்லை என்று திறந்துவிட்டதிலிருந்து, நண்பர்கள் கூட்டமாகக் கிளம்புகிறார்கள். விசாவே கேட்காத நாட்டுக்கு பாலிசி எதற்கு என்ற எண்ணம்தான். அங்கே போனதும் முதல் வேலையாக ஸ்கூட்டர் வாடகைக்கு எடுப்பார்கள். ஒரு வாரப் பயணத்துக்கு பாலிசி சில நூறு ரூபாய்தான், எடுத்துவிட்டுப் போங்கள். அதோடு ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கிக்கொள்ளுங்கள். உரிமம் இல்லாமல் ஓட்டியோ, குடித்துவிட்டு ஓட்டியோ விழுந்தால் எந்த பாலிசியும் பணம் தராது.

பெட்டி தொலைவது, விமானம் தாமதமாவது இவற்றுக்கான காப்பை நான் பெரிதாக மதிக்கவில்லை. மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி பன்னாட்டுப் பயணத்தில் பெட்டிக்கு விமான நிறுவனமே பொறுப்பு. 2024 டிசம்பர் இறுதியிலிருந்து அந்த உச்சவரம்பு 1,519 எஸ்டிஆர் (பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு). நம் பணத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல். விமான நிலையத்தை விட்டு வெளியே வரும் முன் புகார் பதிந்து நகல் வாங்க வேண்டும். பெட்டி சேதமாகியிருந்தால் ஏழு நாளுக்குள், தாமதமாக வந்தால் இருபத்தொரு நாளுக்குள் எழுத்துபூர்வமாகக் கேட்க வேண்டும். அவ்வளவுதான். பாலிசிகளை ஒப்பிடும்போது இந்த வரிசைகளைப் பார்த்து மயங்காமல், மருத்துவத் தொகையை மட்டும் பாருங்கள். அலுவலகமே காப்பீடு எடுத்து அனுப்புகிற பயணம் என்றால், அதன் நகலை வாங்கிப் படித்துவிட்டு, தேவையில்லாமல் இரண்டாவது பாலிசி எடுக்காதீர்கள்.

காப்பீடு மிகவும் தேவைப்படுகிறவர்கள் இந்தக் கட்டுரையைப் படிக்க நேரமில்லாதவர்கள். ராமநாதபுரத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் கடலூரிலிருந்தும் வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்களைச் சொல்கிறேன். வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்குக் குடியேற்ற அனுமதி பெற்றுப் போகும் தொழிலாளர்களுக்கு ‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’ கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய் பிரீமியம் கட்டினால், விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ 10 லட்சம் ரூபாய். இவ்வளவு குறைந்த விலையில் இப்படியொரு காப்பு கிடைப்பது அரிது. ஆனால் பத்தாம் வகுப்பு முடித்தவரின் பாஸ்போர்ட்டுக்குக் குடியேற்ற அனுமதி தேவையில்லை. ஆகவே இந்த பாலிசியும் கட்டாயமில்லை. ஏஜென்ட்டை நம்பி விசிட் விசாவில் போய், அங்கே வேலை தேடுகிறவருக்கும் இது கிடையாது. படித்த பத்தாம் வகுப்பே ஒருவரைப் பாதுகாப்புக்கு வெளியே நிறுத்திவிடுவது எந்த வகையில் நியாயம்? வேலைக்குப் போகிறவர் யாராக இருந்தாலும் இந்த பாலிசியோடுதான் விமானம் ஏற வேண்டும் என்று வெளியுறவு அமைச்சகம் விதி செய்ய வேண்டும். தமிழ்நாட்டு அரசும் தன் அயலகத் தமிழர் நலத்துறை வழியாக அதற்காகக் குரல்கொடுக்க வேண்டும்.

அங்கே ஒருவர் இறந்துவிட்டால், உடல் ஊர் வந்து சேர எத்தனை காகிதம் வேண்டும் தெரியுமா? அந்த நாட்டு இறப்புச் சான்று, காவல் துறை அனுமதி, உடலைப் பதப்படுத்திய சான்று, நம் தூதரகம் ரத்துசெய்த பாஸ்போர்ட், தூதரகத்தின் ஆட்சேபணையின்மைக் கடிதம், பிறகு சரக்கு விமானப் பதிவு. அமீரகத்திலிருந்து ஏர் இந்தியாவில் வரும் உடலுக்கு, கிலோக் கணக்கில் எடைபோட்டே கட்டணம் வாங்கிவந்தார்கள். அங்குள்ள இந்தியர்கள் பல ஆண்டு குரல்கொடுத்த பிறகே, 2019 ஜனவரியில் பெரியவர் உடலுக்கு 1,500 திர்ஹம் என்று ஒரே கட்டணமாக்கினார்கள். தூதரகங்களில் 2009 முதல் இந்தியச் சமூக நல நிதி என்று ஒன்று இருக்கிறது. வசதியற்றவர்களின் உடலைக் கொண்டுவரவும், அவசர சிகிச்சைக்கும் அதிலிருந்து உதவுகிறார்கள். ஆனால் அது கேட்டுப் பெற வேண்டிய உதவி. பாலிசியில் எழுதியிருந்தால் அது உரிமை. கையில் காசில்லாத குடும்பத்துக்கு இந்த இரண்டுக்கும் இடையே இருக்கும் நாட்கள் மிக நீளமானவை.

எனவே, புறப்படும் முன் செய்ய வேண்டியது இதுதான். டாக்டரிடம் போய், இருக்கும் எல்லா நோயையும் எடுக்கும் எல்லா மாத்திரையையும் ஒரே தாளில் எழுதி வாங்குங்கள். அந்தத் தாளைப் பார்த்து நீங்களே படிவத்தை நிரப்புங்கள். நிரப்பிய படிவத்தின் நகலையும் பாலிசியையும் அங்கே இருக்கும் பிள்ளைக்கு அனுப்பி, உதவி எண்ணைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டச் சொல்லுங்கள். மருத்துவமனையில் சேர்த்த உடனே அந்த எண்ணுக்குத் தகவல் சொல்ல வேண்டும். தாமதமாகச் சொன்னதையே காரணமாக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. பில், டிஸ்சார்ஜ் தாள், பணம் கட்டிய ரசீது எதையும் தூக்கிப்போட வேண்டாம்.

உண்மையைச் சொல்லி எடுத்த பாலிசிக்கும் மறுப்பு வந்தால், சும்மா இருக்காதீர்கள். முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். முப்பது நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ, சென்னை தேனாம்பேட்டையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்துக்கு ஓராண்டுக்குள் போகலாம். கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் வேண்டாம். 50 லட்சம் ரூபாய் வரை அவர் உத்தரவிட முடியும். தொகை அதைவிடப் பெரிது என்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. சான்பிரான்சிஸ்கோவில் உடம்பு தளர்ந்தவர் அன்றைக்கு டெல்லியில் உள்ள தேசிய ஆணையத்துக்குப் போக வேண்டியிருந்தது. 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதை மாற்றிவிட்டது. இப்போது எந்த ஆணையம் விசாரிக்கும் என்பதைக் கேட்கும் ஈட்டுத்தொகை தீர்மானிப்பதில்லை. நீங்கள் கட்டிய பிரீமியம்தான் தீர்மானிக்கிறது. சில ஆயிரம் ரூபாய் பிரீமியம் கட்டியவர், கோடி ரூபாய் மருத்துவமனைக் கணக்குக்காகவும் தான் வசிக்கும் தஞ்சாவூரிலோ திருநெல்வேலியிலோ உள்ள மாவட்ட ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம்.